இரவல் அத்தை

ஆவுடையம்மாள் பன்னிரண்டு வருஷம் மாமியார் அடுப்படியில் வெந்தவள். உப்புப் போடக்கூட உத்தரவு கேட்க வேண்டும். ராஜபாளையத்தில் புருஷன் சங்கரலிங்கத்தோடு தனிக்குடித்தனம் வாய்த்த அன்று, அந்தச் சின்ன இருட்டு அடுப்படியைப் பார்த்து அழுதே விட்டாள். இனி இது அவளுடையது. அவளுடையது மட்டும்தான்.

வெறும் மண்சட்டியோடு இருந்தால் தெருக்காரிகள் மதிப்பார்களா? ஸ்ரீவில்லிபுத்தூரில் வாரிசில்லாத ஒரு வீட்டின் பழம்பித்தளையை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வண்டி கட்டிப் போய் வாங்கி வந்தாள். அண்டா, உருளி, தூக்கு, செம்பு எல்லாவற்றிலும் வெள்ளத்தாய் என்று பெயர் வெட்டியிருந்தது. பழைய பெயரைத் தேய்த்துவிட்டுத் தன் பெயரை வெட்டிக்கொள்வதுதான் வழக்கம். விற்றவரும் அதைத்தான் சொன்னார். இவள் கேட்டால்தானே! புளி போட்டுத் துலக்கி, பெரிதிலிருந்து சிறிதாக வரிசை கட்டி, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இல்லாத அத்தையை இழுத்து வாய் கூசாமல் சொன்னாள்.

"எங்க பெரியத்தை சீராக் குடுத்தது."

மறுநாள் உச்சிப்பொழுதில் தண்ணீர் எடுத்துவிட்டு வந்தால், வரிசை தலைகீழாக இருந்தது. பூனையைத் திட்டிக்கொண்டே திருப்பி அடுக்கினாள். அடுத்த நாளும் அப்படியே. நான்காம் நாள் உருளியை உயரத்தில் கயிறு போட்டுக் கட்டினாள். கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் அது அடுப்பங்கரைக்கு இறங்கியிருந்தது. கயிறு ஒழுங்காகச் சுற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏற வேண்டும் என்பார்கள். இவள் வாழ்க்கைப்படாமலே ஏறிக்கொண்டிருந்தாள். பயத்தைவிட ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

அவள் அரைத்து வைத்த மசாலை அம்மியில் மறுபடி அரைபட்டிருந்தது.

ஆளில்லாத அடுப்படியில் பெருங்காயம் பொரியும் வாசனை வந்தது.

ஒரு மத்தியானம் குழம்பு கொதிக்கும்போது உப்பை அள்ளினாள். பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது.

"போதும்ட்டி."

திரும்பினாள். யாருமில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அத்தனையையும் வண்டியில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய இடத்திலேயே போட்டுவிட்டு வந்தாள். சனியன் தொலைந்தது என்று திரும்பும் வழியெல்லாம் நிம்மதி. வீடு வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. இன்னும் உலைகூட வைக்கவில்லையே, அந்த மனுஷன் பசியில் குதிப்பாரே என்று ஓட்டமும் நடையுமாக நுழைந்தாள்.

சங்கரலிங்கம் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"யாரு பொங்குனா?" என்றாள்.

"ஒங்க பெரியத்தைதான். நீ போன செத்த நேரத்துல வந்துட்டாவ. சொல்லியிருந்தா நானே போய்க் கூட்டியாந்திருப்பேன்லா?" அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "இனிமே இங்கனதான் இருக்கப் போறாவளாம். ஒன்னைய அடுப்படிக்குள்ள வர வேண்டாம்னாவ."

உள்ளே யாரோ கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டி வைத்தார்கள்.