ஃப்ரிட்ஜில் இருந்த தோல் எங்கே?

"ஐயய்யோ...!"

லாஸ்பேட்டை ஆராய்ச்சிக்கூடமே அதிர்ந்தது.

அலறியவள் கார்குழலி. தீக்காயத்துக்கு ஜெல்லில் செயற்கைத் தோல் செய்கிற விஞ்ஞானி.

ஃப்ரிட்ஜ் காலி! சீல் வைத்த ஆறு கவர்கள்... மாயம்!

"பலராமண்ணே! மத்தியானம் அஞ்சலாட்சியக்கா கையில ஒட்டணுமே!"

அஞ்சலாட்சி பஜ்ஜிக் கடைக்காரி. கொதிக்கிற எண்ணெய் கொட்டிய கையோடு ஆஸ்பத்திரியில் துடித்துக்கொண்டிருந்தாள். பாவம்!

இன்ஸ்பெக்டர் தெய்வநாயகம் வந்தார்.

"சார், ஷூவ வெளிய விட்டுட்டு..."

"போலீஸ் ஷூ கழட்டாதும்மா!"

சளக்... சளக்... என்று உள்ளே நடந்தார்.

"நேத்து உங்க டெமோவுக்கு நான்தான் பந்தோபஸ்து. உள்ளங்கையில ஜெல்ல ஒட்டி மெழுகுவத்திய காட்டுனீங்க... சுடவே இல்லியே!"

"ஒரு நொடிதான் சார் காட்டினேன்!"

"ஒரு நொடிதானா...?"

இன்ஸ்பெக்டர் முகம் ஏனோ வெளுத்தது. சட்டென்று அட்டெண்டர் பலராமன் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, ஜெல்லின்னு நெனச்சி தின்னுட்டியா?"

"சக்கரை போடாம எப்பிடி சார் திங்கறது?"

"திமிரா!"

ஓங்கினார். சட்டைக் கை மேலேறியது.

மணிக்கட்டில்... மஞ்சள் காப்பு!

கார்குழலியின் கண்கள் சுருங்கின.

"தீ மிதிக்கிறீங்களா சார்?"

"ஆ... ஆமா. பிரமோஷனுக்காக வீட்டுக்காரி வேண்டிக்கிட்டா. நாளைக்கு உப்பளம் கோயில்ல..."

"ஷூவ கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்க சார்!"

கழற்றினார்.

இரண்டு உள்ளங்காலிலும் பளபளவென்று... ஜெல் தோல்!

பலராமன் வாய் பிளந்தான். போலீசே திருடன்!

"சைஸ் சரியா இருக்கான்னு பாத்தேம்மா..." இன்ஸ்பெக்டர் நெளிந்தார். "மிச்சம் நாலும் ஜீப்புல இருக்கு. ஐஸ் பொட்டியில... வீராம்பட்டினத்து வஞ்சிரம் பக்கத்துல."

பலராமன் ஓடினான். நல்லவேளை, நாலு கவரிலும் சீல் பிரியவில்லை! மீன் வாசனையை மட்டும் துடைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பைக்கை விரட்டினான்.

அஞ்சலாட்சியின் கை பிழைத்தது. கார்குழலிக்குக் கண் கலங்கியது.

இன்ஸ்பெக்டருக்கும் கலங்கியது. காரணம் வேறு.

"நாளைக்கு ஊரே பாக்குமே! வெறுங்கால்ல எப்பிடிம்மா மிதிப்பேன்?"

கார்குழலி சிரித்தாள்.

"இது வெந்த தோலுக்கு சார்... வேகாத தோலுக்கு இல்ல! தைரியமா மிதிச்சிட்டு வாங்க. அஞ்சலாட்சியக்கா ஆஸ்பத்திரியில உங்களுக்கும் ஒரு பெட்டு சொல்லி வெக்கிறேன்!"