அப்பாவின் மொட்டைத் தலை

சிவகௌரியின் அப்பா ஜம்புநாதன் ஒரு நடிகர். நம்பாவிட்டால், வெள்ளைக்காரர் நாட்டில் நாங்கள் குடியிருக்கும் மனோர் பார்க்கில் யாரையும் கேட்டுப் பாருங்கள். தொலைக்காட்சியில் மூன்று முறை கடைக்காரராக வந்திருக்கிறார். இரண்டு முறை செத்து விழுந்திருக்கிறார். செத்து விழுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

1988 கோடையில்தான் அவருக்கு மேடையில் ஒரு பெரிய வேடம் கிடைத்தது. சிறைக் கைதி வேடம். அதற்காகத் தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டார். வெளியே போகும்போது மொட்டையைத் தொப்பி போட்டு மறைத்துக்கொள்வார். ஆனால் நூறு பேர் உட்காரக்கூடிய அரங்குக்கு முப்பது பேர்தான் வந்தார்கள். சனிக்கிழமையும் இப்படியே இருந்தால் நாடகத்தை நிறுத்திவிடுவோம் என்று அரங்குக்காரர் சொல்லிவிட்டார். அன்று அப்பா சரியாகச் சாப்பிடவே இல்லை. கௌரிக்கு அழுகை அழுகையாய் வந்தது.

சனிக்கிழமை காலை, ஒத்திகைக்குப் போக பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது அப்பாவின் தொப்பி பறந்துவிட்டது. எதிரே வந்த தில்லையம்பலம் மாமா பார்த்துவிட்டார். பார்த்தவர் சும்மா இருப்பாரா? தலையும் மீசையும் ஒன்றாய்ப் போனால், தகப்பன் தவறிவிட்டார் என்றுதான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள்.

மதியம் வாசல் மணி அடித்தது. கௌரி கதவைத் திறந்தாள். பதினெட்டுப் பேர்! பெண்கள் வெள்ளைச் சேலையில். கையில் இடியப்பமும் சொதியும். துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் அல்லவா? அங்கே வருகிறவர்கள் புறப்படும்போது, போய்விட்டு வருகிறோம் என்ற பொருளில் 'வாறம்' என்றும் சொல்வதில்லை, 'போட்டு வாறம்' என்றும் சொல்வதில்லை. பேசாமல் வந்து உட்கார்ந்தார்கள்.

அம்மா இரவு ஷிப்ட் முடித்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மரியநாயகி மாமி கௌரியைக் கட்டிக்கொண்டு, அவளுடைய அப்பாவின் தகப்பன், அப்பப்பா, எவ்வளவு தங்கமான மனிதர் என்று சொல்லி அழுதார்.

அப்போதுதான் கௌரிக்கு விளங்கியது. அப்பப்பாவோ யாழ்ப்பாணத்தில் கல்லுப்போல இருக்கிறார். ரேடியோ ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லிப் போன கிழமைதான் கடிதம் போட்டிருந்தார்.

"மாமி, அப்பப்பா சுகமாய் இருக்கிறார். அப்பா நாடகத்துக்குத்தான் தலையை வழிச்சவர்."

எல்லோரும் தில்லையம்பலம் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், வீடு வீடாய் நடந்து செய்தி சொன்னவர் அவர்தான். அவர் இடியப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்ததெண்டு கதை வந்தா ஆயுசு கூடுமாம், மாமா. உங்களாலை அப்பப்பா நூறு வயசு இருப்பார்" என்றாள் கௌரி.

யாரோ சிரித்தார்கள். பிறகு வீடே சிரித்தது. மாடியிலிருந்து அம்மா பதறி ஓடிவந்தார்.

எழுந்து போகப் பார்த்தவர்களைக் கௌரி விடவில்லை. அரங்கின் காலி இருக்கைகளைப் பற்றிச் சொல்லி, நாடகத்துக்கு வரச் சொன்னாள். இங்கிலீசு நாடகம் தமக்கு எங்கே விளங்கப்போகிறது என்று மாமி தயங்கினார்.

"அப்பா இரண்டாம் பாதி முழுக்க அழுவார், மாமி. அது விளங்கும்."

மாமி கண்ணைத் துடைத்தார். "அழத்தானே வந்தனாங்கள். அங்கை போய் அழுவம்."

பதினெட்டுப் பேரும் தெரிந்தவர்களுக்கெல்லாம் டெலிபோன் அடித்தார்கள். மாலையில் அரங்கில் ஓர் இருக்கைகூட மிச்சமில்லை. மேடைக்கு வந்த அப்பா வெள்ளைச் சேலைகளைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். பிறகு நடித்தார் பாருங்கள்! மாமி வாய்விட்டு அழுதார். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர் தன் கைக்குட்டையை அவரிடம் கொடுத்துவிட்டுத் தானும் அழுதார். நாடகம் தொடரும் என்று அரங்குக்காரர் அங்கேயே சொல்லிவிட்டார்.

அப்பா பின்னாளில் பெரிய பெரிய படங்களில் எல்லாம் நடித்தார். ஆனாலும் அன்று அரங்க வாசலில் தில்லையம்பலம் மாமா அவர் கையைப் பிடித்துச் சொன்னதுதான் அவருக்கு முதல் பரிசு.

"போட்டு வாறம், ஜம்பு. அடுத்த சனியும் வாறம்."