நாலாவது தேசிக்காய்

அந்த ஜீப் எங்கள் கராஜுக்குத் தானாக ஓடி வரவில்லை. கரியர் லொறியின் முதுகில், சங்கிலி போட்டுக் கட்டி, பிற்பகல் இரண்டு மணி வெயிலில் வந்து இறங்கியது. காலையில் அடித்த கச்சான் காற்று மத்தியானத்தோடு நின்றுபோயிருந்தது. எதிரே திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடா அசையாமல் கிடந்தது. கராஜின் தகரக் கூரை மட்டும் சூட்டில் டிக், டிக் என்று வெடித்தது.

கறுப்பு நிறம். கண்ணாடிகளும் கறுப்பு. எங்கள் ஊரையே விற்றாலும் வாங்க முடியாத வண்டி. லொறியிலிருந்து இறக்கும்போது அதன் வயிற்றிலிருந்து நாலு சொட்டு சிவப்பாகச் சீமெந்தில் விழுந்தது.

கியர் ஒயில் சிவப்பாகத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் வாகனத் தொழில்நுட்பம் படித்தவள் நான். ஈச்சிலம்பற்றில் எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். மேசை வேலை கிடைக்கும் என்று அம்மா நம்பினார். கிடைத்தது இந்தக் கராஜும், ஒரு ஸ்கேனரும், நகத்தை விட்டுப் போகாத கறுப்பும்.

ஜீப்பின் சொந்தக்காரன் சசி. கல்லும் மணலும் ஏற்றும் கொந்தராத்துக்காரன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"றிஸ்கான், மெக்கானிக் எங்கை?"

"இதுதான் அண்ணை மெக்கானிக். கீர்த்தனி. கெம்பஸ்ல படிச்ச புள்ள" என்றார் கராஜ் சொந்தக்காரர் றிஸ்கான் நானா.

"ஆ, பட்டதாரியோ. அப்ப சேர்ட்டிபிக்கட்டைக் கழுத்திலை கட்டிக்கொண்டோ கீழை படுக்கிறனீங்கள்?"

"இல்லை. பொலித்தீன் விரிச்சுப் படுக்கிறனான். உங்கடை வண்டிக்கு என்ன வருத்தம்?"

அவன் சிரிப்பு நின்றது. "கியர் தானா விழுது. கியரைப் பார்க்கிலை விட்டிட்டு இறங்கினா முன்னுக்குப் போகுது, பின்னுக்கு வருது. கொழும்பிலை ரெண்டு இடத்திலை காட்டினனான். ஒருத்தனுக்கும் பிடிபடேல்லை."

ஸ்கேனரைச் செருகினேன். வண்டியின் கோளாறு அதில் ஒரு கோட் எண்ணாகத் தெரியும். எங்கள் கராஜில் ஒரு பழக்கம் உண்டு. றிஸ்கான் நானா உண்டாக்கியது. "முதல்ல கோட்ட அழி. திரும்பி வந்தாத்தான் வருத்தம். வராட்டி சும்மா தடிமன், தும்மல்." நானும் அப்படியே செய்தேன். கியர் பொக்ஸைக் கட்டுப்படுத்தும் கொம்பியூட்டரில் ஒரேயொரு கோட் இருந்தது. வாசிக்காமலே அழித்தேன்.

எஞ்சினை நிறுத்தி மறுபடி போட்டேன். அது திரும்பி வந்திருந்தது.

கோளாறு நடந்த நொடியில் வண்டி என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் இந்தக் கொம்பியூட்டர்கள் எழுதி வைக்கும். வேகம், கியர், திகதி, நேரம். இந்த முறை திறந்து வாசித்தேன்.

முன்னுக்கு, மணிக்கு எழுபத்தொரு கிலோமீற்றர். பின்னுக்கு, ஆறு. முன்னுக்கு, ஒன்பது.

பெப்ரவரி பதினொன்று. பிற்பகல் இரண்டு பத்து.

திகதியை மறுபடி வாசித்தேன்.

அழித்த பதிவு பழைய திகதியோடு திரும்பி வராது. வந்தால் இன்றைய திகதியோடுதான் வர வேண்டும். ஆனால் மறுபடி வாசித்தது அதனால் அல்ல.

பெப்ரவரி பதினொன்றாம் திகதி இரண்டு பத்துக்கு நான் போனில் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். தோப்பூர்ச் சந்தையில் வல்லாரைக் கட்டுகளை விற்றுவிட்டு, பஸ்ஸால் இறங்கி, வெருகல் வீதியில் நடந்து வந்துகொண்டிருந்தார். "ஒரு ஜீப் வருது. ஓரமா நிக்கிறன், பொறு பிள்ளை" என்றார். பிறகு ஒரு சத்தம். வாழைமரம் முறிவது போல.

போன் அறுந்துபோகவில்லை. அம்மா முனகுவது கேட்டது. அதற்குப் பின்னால் பீப், பீப், பீப் என்று ஒரு வாகனம் பின்னுக்கு எடுக்கும் சத்தம். திரும்பி வருகிறான், அம்மாவைத் தூக்கப் போகிறான் என்று நினைத்தேன். "ஐயா, கெதியா தூக்குங்கோ" என்று போனுக்குள் கத்தினேன்.

பீப் சத்தம் நின்றது. எஞ்சின் ஒருமுறை உறுமியது.

அதன் பிறகு முனகல் இல்லை.

டயர் மூன்று தரம் ஏறியிருக்கிறது என்று வைத்தியர் எழுதினார். வாகனம் அகப்படவில்லை என்று பொலிஸ் எழுதியது. ஒன்பது தடவை போனேன். ஒன்பதாவது தடவை கதிரைகூடத் தரவில்லை.

சசி போன பிறகு ஜீப்பின் கீழே படுத்தேன். கியர் பொக்ஸில் வயர் இணையும் பூட்டைக் கழற்றினேன். சிவப்பு ஒயில் வயருக்குள் ஊறி, மேலே கொம்பியூட்டர் வரைக்கும் ஏறியிருந்தது. சில விலையுயர்ந்த வண்டிகளுக்கு இந்த வருத்தம் உண்டு. பாடத்தில் படித்திருக்கிறேன். துடைத்தேன். புதுப் பூட்டுப் போட்டேன். கையை மோந்து பார்த்தேன்.

ஒயில் மணக்கவில்லை. ஈரச் சாக்கில் சுற்றிய வல்லாரை மணந்தது.

அப்போது எனக்கு மேலே ஏதோ கிளிக் என்றது.

வெளியே உருண்டு வந்து பார்த்தேன். இடது முன் இருக்கையின் பெல்ட் பூட்டியிருந்தது. கராஜில் நானும் றிஸ்கான் நானாவும் மட்டும். அவர் லுஹர் தொழுதுகொண்டிருந்தார். ஸ்கேனரில் அந்த இருக்கையின் சென்சரைத் திறந்தேன்.

ஆள் இருக்கிறது. சிறிய உடல்.

ஜீப் நகர்ந்தது. வண்டித் திறப்பு என் பையில் இருந்தது, ஆனாலும் எஞ்சின் தானாக உறுமியது. முன்னுக்கு இரண்டு அடி வந்தது. என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அதன் மூக்கிலிருந்து வந்த சூடு என் பாவாடையை அசைத்தது. பிறகு பீப், பீப் என்று பின்னுக்குப் போய், பழைய இடத்தில் நின்றது.

"அம்மா?" என்றேன்.

பெல்ட் கழன்று சுருண்டது.

பொலிசுக்குப் போயிருக்கலாம். போய் என்ன சொல்வது? அழித்த பதிவு திரும்பி வந்தது என்றா? பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு என் தாய் இருக்கிறார் என்றா? பத்தாவது தடவையும் நின்றுகொண்டே சொல்ல வேண்டும். நான் போகவில்லை. கோட்டை ஆறு முறை அழித்தேன். ஆறு முறையும் வந்தது. றிஸ்கான் நானாவிடம் "சரியாப் போச்சு நானா, ஒயில் ஊறினதுதான்" என்று சொன்னேன்.

அது பொய். வாழ்க்கையில் நான் யோசித்துச் சொன்ன முதல் பொய்.

அடுத்த நாள் சசி இரண்டு மணிக்கு வந்தான். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் நாலு தேசிக்காய்.

"நாவூறு கழிக்கவேணும். நாலு டயருக்கும் வையுங்கோ பிள்ளை."

"எங்கட கராஜுக்குள்ள இந்தப் பழக்கமில்ல அண்ணை, வெளிய வச்சு எடுங்க" என்று சொல்லிவிட்டு றிஸ்கான் நானா தேநீர் வாங்கப் போனார்.

வாசலில் நானே குனிந்து நாலையும் வைத்தேன். கையில் ஸ்கேனரின் திரை. வண்டியோடு அது இன்னும் கதைத்துக்கொண்டிருந்தது. சசி ஏறி முன்னுக்கு எடுத்தான். தேசிக்காய்கள் வெடித்தன. புளிப்பு மணம் எழுந்தது. அவன் நிறுத்தவில்லை. பின்னுக்கு எடுத்தான். பீப், பீப். திரும்ப முன்னுக்கு.

"ஒருக்கா ஏறினாக் காணாதோ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

கண்ணாடியை இறக்கிச் சிரித்தான். "ஒருக்கா ஏறினா அரைவாசி உயிரோடை கிடக்கும் பிள்ளை. அரைகுறையா விட்டா ஆயுசுக்கும் தொல்லை. திரும்ப ஏறி முடிச்சுப்போடவேணும்."

தேசிக்காயைத்தான் சொன்னான்.

தேசிக்காயை மட்டும் சொல்லவில்லை.

"இனிக் கியர் தானா விழாதோ?"

"விழாது அண்ணை. எல்லாம் சரி."

வண்டியைப் பின்னுக்கு எடுத்து, பார்க்கில் போட்டு, எஞ்சின் ஓட இறங்கினான். மூன்று தேசிக்காய் சப்பளிந்து கிடந்தன. இடது முன் டயருக்கு வைத்த நாலாவது மட்டும் முழுதாக, ஒரு கீறல்கூட இல்லாமல், மஞ்சளாக இருந்தது. டயர் அதை விலகிப் போயிருந்தது.

"இதென்ன கோதாரி" என்று முனகிக்கொண்டு ஜீப்பின் முன்னால் குந்தினான். தேசிக்காயை டயருக்கு அடியில் தள்ளக் கையை நீட்டினான்.

திரையில் இருக்கை சென்சர்: ஆள் இருக்கிறது. சிறிய உடல்.

கியர்: P.

எஞ்சின் சத்தம் ஒரு நூல் தடித்தது.

கியர்: D.

கொம்பியூட்டர் சொன்ன பிறகு சில்லு உருள அரை நொடி எடுக்கும். அரை நொடியில் ஒரு சொல் சொல்லலாம். "எழும்பு" என்றால் போதும். என் அம்மாவுக்கு அவன் அதைக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் என் வாய் திறந்தது. சத்தியமாகத் திறந்தது.

ஜீப்பின் ஸ்பீக்கரிலிருந்து, போனில் கேட்பது போன்ற கரகரப்போடு, மெதுவாக ஒரு குரல் வந்தது.

"பொறு பிள்ளை."

பொறுத்தேன்.

முன்னுக்கு.

அவன் முனகினான். "ஐயோ, தூக்கு" என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

பீப், பீப், பீப்.

முன்னுக்கு.

றிஸ்கான் நானா தேநீரோடு வந்து நின்று, கோப்பைகளைக் கீழே போட்டார். எஞ்சின் அணைந்திருந்தது. நாலாவது தேசிக்காய் உருண்டு வந்து என் செருப்பில் முட்டி நின்றது. அப்போதும் முழுசாக.

தொழில்நுட்பக் கோளாறு என்று பொலிஸ் எழுதியது. எனக்குக் கதிரை தந்தார்கள். அம்மாவுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது, இனிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அன்று இரவு, ஐந்து மாதத்துக்குப் பிறகு, நித்திரை வந்தது.

மூன்று கிழமை கழித்து லிங்கநகர் மதிவதனா ரீச்சர் தன் சின்ன வெள்ளைக் காரைக் கொண்டுவந்தார். எட்டு வருடப் பழசு. இடது கண்ணாடியில் பிள்ளைகள் ஒட்டிய பட்டாம்பூச்சி.

"கீர்த்தனி, ஒரு மஞ்சள் லைட் எரியுது. சும்மா பாருங்கோ. எனக்கு மூண்டு மணிக்கு வகுப்பு இருக்கு. எஞ்சினை நிப்பாட்டவோ?"

"வேண்டாம் ரீச்சர், ஓடட்டும்."

ஸ்கேனரைச் செருகினேன். பழக்கப்படி வாசிக்காமல் கோட்டை அழித்தேன். திரும்பி வந்தது. திறந்தேன்.

முன்னுக்கு, எழுபத்தொன்று. பின்னுக்கு, ஆறு. முன்னுக்கு, ஒன்பது. பெப்ரவரி பதினொன்று.

ஜீப்பில் இருந்த அதே பதிவு, இந்தக் காரில். காருக்குள் எட்டிப் பார்த்தேன். இடது முன் இருக்கை வெறுமையாக இருந்தது. பெல்ட் பூட்டியிருந்தது. வல்லாரை மணந்தது.

"அம்மா" என்றேன் மெதுவாக. "இவ இல்லை. இவ ரீச்சர். இவ ஒண்டும் செய்யேல்லை."

திரை மாறவில்லை. ஆள் இருக்கிறது. சிறிய உடல்.

சுவர் மணிக்கூட்டில் இரண்டு பத்து.

காருக்கு முன்னால் நின்ற ரீச்சரின் கையிலிருந்து கொப்பிக் கட்டு நழுவியது. "அட கடவுளே" என்று சிரித்தபடி, அவற்றைப் பொறுக்கக் குந்தினார். ஒரு கொப்பி டயருக்கு அடியில் போயிருந்தது. கையை நீட்டினார்.

கியர்: P.

அன்றைக்கு மூடிய வாயை இன்று முழுதாகத் திறந்தேன். ரீச்சர், எழும்புங்கோ. சொல் தொண்டைவரை வந்துவிட்டது.

காரின் பழைய ரேடியோ கரகரத்தது.

"பொறு பிள்ளை."

கியர்: D.