ப்ரொப்பல்லரில் சிக்கிய கயிறு!

போன் அலறியது.

பாரூர் ஏரிக்கரையில் துடுப்பைப் போட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள் மாதேஸ்வரி.

"படகு மோட்டார் தேடுறீங்களாமே?"

ஆண் குரல். கரகரப்பு.

"ஆமாங்கண்ணா. யாருங்க?"

"ராமப்பன். குருபரப்பள்ளி. பழைய மோட்டார் ஒண்ணு இருக்குது. எட்டு ஹெச்.பி."

"ஓடுங்களா?"

"வந்து ஓட்டிப் பாருங்க. கூட யாராச்சும் வருவாங்களா?"

"இல்லீங்க. நான் மட்டும்தான்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு.

"வாங்க."

கட்!

மாதேஸ்வரிக்கு ஏரியில் மீன் குத்தகை. புருஷன் இருந்தவரை இரண்டு பேர் துடுப்புப் போட்டார்கள். போன வருடம் நெடுஞ்சாலையில் ஒரு லாரி அவனைக் கொண்டுபோனது. அதிலிருந்து ஒரே ஆள், ஒரே துடுப்பு. வலது தோள் ராத்திரியெல்லாம் தெறித்தது.

மகன் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவான். மற்ற நாட்களில் அவளோடு பேச டி.வி.யைத் தவிர நாதியில்லை.

மதியம் குருபரப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். லாரி டயர் கடைகளைத் தாண்டி, மண் பாதையில் நடந்தாள்.

ஒற்றை வீடு. பக்கத்தில் தகர ஷெட். பின்னால் மாந்தோப்பு. சுற்றிலும் ஆள் அரவமே இல்லை!

"பன்னி, பன்னி..."

வாசலில் நின்றவர் கன்னடத்தில் வரவேற்றார். தமிழில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் என்பதால் மாதேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"நான்தான் ராமப்பன். மோட்டார் உள்ள இருக்குது."

ஷெட்டின் இரும்புக் கேட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். தண்ணீர் நிரப்பிய ட்ரம்மின் விளிம்பில் மோட்டார் மாட்டியிருந்தது. சாயம் போன நீலம்.

"டீ குடிக்கிறீங்களா?"

"வேணாங்கண்ணா. மொதல்ல இதைப் பாத்துடறேன்."

"உங்களுக்கு எஞ்சின் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ஓசூர்ல பம்ப் கம்பெனியில வேலை. அசெம்பிளி லைன். கொஞ்சம் தெரியும்."

அவர் கண்களில் ஏதோ மின்னி மறைந்தது.

அவள் மேல்மூடியைத் தூக்கினாள். பிளக்கைக் கழற்றினாள். கருப்பு. பரவாயில்லை. மறுபடி மாட்டி, வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு, ஸ்டார்ட் கயிற்றை இழுத்தாள். கைக்கு நல்ல எதிர்ப்பு கிடைத்தது. பிஸ்டன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இரண்டாவது இழுப்பில்...

டுர்ர்ர்ர்ர்!

ஷெட்டெல்லாம் புகை. ட்ரம் தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளியது. பக்கவாட்டு ஓட்டையிலிருந்து எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் நூலாகப் பீய்ச்சியடித்தது.

"நல்லாத்தான் ஓடுது!"

"அப்படின்னா எடுத்துக்கறீங்களா?" ராமப்பனின் குரலில் ஏனோ சோர்வு.

"அவசரப்படாதீங்க. கீழ பாக்கலியே."

எஞ்சினை அணைத்தாள். மோட்டாரைத் தரையில் படுக்க வைத்தார்கள். அடியிலிருந்த சின்னத் திருகைத் தளர்த்தினாள்.

கியர் ஆயில் ஒழுகியது. மோர் மாதிரி வெள்ளையாக.

"அய்யோ... தண்ணி உள்ள பூந்திருக்குதுங்கண்ணா. சீல் போயிடுச்சு."

"எதனால?"

"பெரும்பாலும் தூண்டில் நரம்பு. ப்ரொப்பல்லருக்குப் பின்னாடி சுத்திக்கிட்டு சீலை அறுத்துடும். கழட்டுனா தெரிஞ்சுடும்."

ராமப்பன் சுவரோரம் போனார்.

ஸ்பேனரை எடுத்து அவரே நீட்டினார்.

நட்டைத் திருகினாள். பிடிவாதம் பிடித்து, கிறீச்சிட்டு, வழிக்கு வந்தது. ப்ரொப்பல்லரை உருவினாள்.

நரம்பு இல்லை.

சிவப்புக் கயிறு! தண்டோடு தண்டாக, இறுகச் சுற்றி, கிரீஸில் ஊறி...

நகத்தால் நெம்பினாள். கயிற்றோடு ஒரு லுங்கிக் கிழிசல் வந்தது. கூடவே கறுத்துப்போன ஒரு வெள்ளித் தாயத்து.

அரைஞாண் கயிறு.

மாதேஸ்வரி அதை உள்ளங்கையில் விரித்துப் பார்த்தாள். இடுப்பில் கட்டுகிற கயிறு இங்கே சிக்க வேண்டுமென்றால்... அந்த இடுப்பு எங்கே இருந்திருக்க வேண்டும்?

டணார்!

திரும்பினாள்.

கேட் சாத்தியிருந்தது. ராமப்பன் பூட்டிக்கொண்டிருந்தார்!

"அ... அண்ணா... எதுக்குப் பூட்டறீங்க?"

சாவி அவர் கைக்குள் மறைந்தது.

"எம் பையன் வெளிய நிக்கிறான். கூப்பிட்டா ஓடி வருவான்!"

"இல்லம்மா. நீங்க தனியா நடந்து வந்ததைப் பாத்தேன்."

அவள் ஸ்பேனரை இறுக்கிப் பிடித்தாள். இங்கே கத்தினால் யாருக்குக் கேட்கும்? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை அவளைத் தேட ஒரு ஜீவன் கிடையாது!

"கிட்ட வராதீங்க! மண்டையப் பொளந்துடுவேன்!"

ராமப்பன் வரவில்லை. கேட்டில் சாய்ந்து, அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

"அது வெங்கட்டோடது."

"யா... யாரு வெங்கட்?"

"எங்கூட இருந்தவன். அணையில ரெண்டு பேரும்தான் மீன் புடிப்போம். இங்கதான் ஆக்கித் தின்போம். எனக்குப் பொண்டாட்டி புள்ளை கெடையாது. அவன்தான் எல்லாம்."

"என்ன பண்ணீங்க அவரை?"

"ஒரு நாள் படகுல வச்சு சொன்னான். 'ஓசூர் கம்பெனியில வேலை கெடச்சிருக்குதுண்ணா. நாளைக்குக் கெளம்பறேன். இனிமே நீ தனியா பாத்துக்கோ'ன்னு..."

சாவியை உள்ளங்கையில் அழுத்தினார்.

"தனியாவாம்! அந்த வார்த்தையில புத்தி பெரண்டு போச்சு. புடிச்சுத் தள்ளிட்டேன். மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சு... நிறுத்தியிருக்கலாம். கை அதுமேலதான் இருந்துச்சு. நிறுத்தல."

மாதேஸ்வரி ஓரடி பின்வாங்கினாள்.

"இப்ப... எங்க இருக்காரு?"

ராமப்பன் கையைத் தூக்கிப் பின்னால் காட்டினார்.

மாந்தோப்பு!

"ஓசூர் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருந்தான். அதனால யாரும் தேடல. ரூபான்னு ஒரே ஒரு அக்கா. தீபாவளிக்குத் தீபாவளி வந்து நிக்குது. 'தம்பி போன் பண்ணுனானா'ன்னு கேக்குது. நானும்... பண்ணுனான்னு சொல்லி அனுப்பறேன்."

"இப்ப என்னையும் கொன்னு அங்கயே பொதைக்கப் போறீங்களா?"

ராமப்பன் நிமிர்ந்தார். அவர் முகத்தில் நிஜமான அதிர்ச்சி.

"உங்களையா? எதுக்கும்மா?"

"அப்புறம் ஏன் கேட்டைப் பூட்டுனீங்க!"

"நீங்க ஓடாம இருக்க இல்லம்மா... நான் ஓடாம இருக்க!"

சாவியைத் தரையில் வீசினார். அது சறுக்கிக்கொண்டு போய் அவள் காலடியில் நின்றது.

"ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போவேன். எதிர்க்கடையில ஒரு டீயைக் குடிச்சிட்டு திரும்பிடுவேன். வாய் வராது. அதான் மோட்டாரை விக்கறேன்னு சொல்லி வச்சேன். வாங்க வர்றவன் எவனாச்சும் கழட்டிப் பாப்பான், கண்டுபுடிப்பான்னு... எத்தனை பேரு வந்தாங்க! எல்லாரும் சத்தத்தைக் கேப்பாங்க. பெயின்ட்டைத் தடவுவாங்க. வெலையைக் கொறைப்பாங்க. நான் ஏதோ சாக்கு சொல்லி அனுப்பிடுவேன். ஒருத்தனும் கீழ குனியல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க குனிஞ்சீங்க. போனைப் போடுங்கம்மா."

மாதேஸ்வரி போலீசைக் கூப்பிட்டாள். விரல்கள் மூன்று முறை தப்பின. பேசி முடித்ததும், ராமப்பன் நகர்ந்து வழிவிட, சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து வெளியே பாய்ந்தாள். மண் பாதையில் நாலடி வைத்தாள்.

"அம்மா!"

நின்றாள்.

"அவங்க வர்ற வரைக்கும்... உக்காருவீங்களா? எங்கிட்ட யாரும் உக்காந்து பேசி ரொம்ப நாளாச்சு."

போயிருக்க வேண்டும். போகத்தான் நினைத்தாள். ஆனால் கால் நகரவில்லை. அந்த வீட்டின் நிசப்தம் அவளுக்குப் பழக்கமானது. அவள் வீட்டிலும் அதே நிசப்தம்தான்.

கேட்டுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். ஸ்பேனரை மட்டும் கீழே வைக்கவில்லை.

"உங்க பேரைக்கூட நான் கேக்கலியே?"

"மாதேஸ்வரி."

"தோள்பட்டை வலிக்குதா? அடிக்கடி புடிச்சுக்கறீங்க."

ஒரு வருடத்தில் அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள்.

ஒரு கொலைகாரன்!

மாதேஸ்வரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் சுமலதா இறங்கினாள். தாயத்தைப் பார்த்தாள். ராமப்பன் சொன்னதைக் கேட்டாள். தோப்புக்கு ஆள் அனுப்பினாள்.

"விலங்கு போடுங்க."

கிளிக்!

பின்னால் வந்த ஹெட் கான்ஸ்டபிள் திம்மராயன், தரையில் கிடந்த மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"எஞ்சின் கெட்டியாத்தான் இருக்குது. ஏன்யா, இதுக்கு கியாரன்டி ஏதாச்சும் உண்டா?"

ராமப்பன் விலங்கு மாட்டிய கையை உயர்த்திக் காட்டினார். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

"மோட்டாருக்கு இல்லீங்க சார்... எனக்குத்தான் ஆயுள் கியாரன்டி!"