எண்ணெய் பட்ட இடம்

பம்பரின் வலது முனையில் பெயின்ட் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்பளித்திருந்தது. வீரமணி கட்டைவிரலால் அமுக்கினான். காய்ந்த பெயின்ட் என்றால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். இது உடையவில்லை. ஆறின பாலின் ஏடு போல விரலுக்கு அடியில் நகர்ந்தது, விரலை எடுத்ததும் மெல்லப் பழையபடி எழும்பி நின்றது. விரலை முகர்ந்தான். தின்னர் வாசனை இல்லை, தலைக்கு வைக்கிற ஏதோ எண்ணெய் வாசனை.

“எவன்யா இதுக்கு பெயின்ட் அடிச்சது?” என்றான், எதிரில் நின்ற மாதனின் முகத்தைப் பார்க்காமலே.

மாதன் கல்வராயன் மலைக்காரர். விடிகாலையில் வலி எடுத்த ஒரு பெண்ணைத் தன் பழைய வெள்ளைக் காரில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, கையோடு கச்சிராயபாளையம் ரோட்டிலிருந்த வீரமணியின் ஷெட்டுக்கு வந்திருந்தார்.

“ரெண்டு பேரு அடிச்சிட்டாங்க மேஸ்திரி. ரெண்டு மாசம் நல்லா இருக்குது. அப்புறம் அதே எடத்துல பொங்கிக்கினு வந்துடுது.”

“பொங்காம இன்னா பண்ணும்? கழுவாம அடிச்சிருப்பானுங்க. எண்ணெ பட்ட எடத்துல பெயின்ட் நிக்காது. இதுகூடத் தெரியாத முண்டமெல்லாம் ஸ்ப்ரே கன் புடிக்க வந்துடுச்சி.” பம்பரைக் கழற்றி இரும்பு ஸ்டாண்டில் மாட்டினான். “ஆமா, மலைமேல உனக்கு எதுக்குய்யா காரு? மாடுங்களுக்கு ஷோ காட்டவா?”

மாதன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “எம் பொண்ணு கவியாவ மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊரு வளைவுல எவனோ காருல இடிச்சிட்டு நிக்காம பூட்டான் மேஸ்திரி. தூக்கினு வர ஒரு வண்டி கெடைக்கல. கட்டில்ல வெச்சி தூக்கினு வந்தோம். பாதி வழியிலயே உசுரு பூடுச்சி. அதான் இருந்த காட்ட வித்து இத வாங்கினன். இனிமே யாருக்கும் அப்டி ஆவக் கூடாது பாருங்க.” பம்பரைத் தோள் துண்டால் ஒரு முறை துடைத்தார். “ஆனா எங்க வூட்டுக்காரி சாமியம்மா மட்டும் இந்த வண்டியில ஏறவே மாட்டேங்கறா. ஏன்னு கேட்டா அவளுக்கே சொல்லத் தெரியல.”

சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பம்பர் இல்லாத கார், பல் போன வாயோடு ரோட்டில் ஏறிப் போனது.

மலைக்காரன் கதை சொல்ல வந்துட்டான் என்று வீரமணி காறித் துப்பினான். மலை ரோட்டில் எத்தனையோ பேர் சாகிறார்கள். எல்லாவற்றுக்கும் பெயின்டரிடம் வந்து ஒப்பாரி வைத்தால் தொழில் நடந்த மாதிரிதான்.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைப் போட்டான். பிளாஸ்டிக் பம்பரில் தின்னரை ஊற்றிச் சொரண்டுகிறவன் முட்டாள். பெயின்டோடு சேர்ந்து பிளாஸ்டிக்கும் பிசுபிசுத்துப் போகும். சூடு காட்ட வேண்டும், ஓரத்தில் சுருள ஆரம்பித்ததும் பிளேடு கொடுத்து உரிக்க வேண்டும். அந்தப் பக்குவம் இந்த ஊரில் தன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்பது அவன் எண்ணம். மேல்தோல் கழன்று நீள நீளமாக விழுந்தது. அடியில் இன்னொரு வெள்ளை, கொஞ்சம் மஞ்சள் ஓடியது.

“சுண்ணாம்பு அடிக்கறவனெல்லாம் காருக்கு அடிச்சா இப்டித்தான்” என்று தனியாகவே சிரித்தான்.

வெளியே மலைப்பக்கம் மேகம் இறங்கியிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே ஷெட்டுக்குள் தகரக் கூரையின் கீழ் சாம்பல் நிற இருட்டு. கம்ப்ரஸர் காற்று நிரம்பித் தானாக நின்றதும், ஹீட் கன்னின் உஸ்ஸென்ற சத்தம் மட்டும் மிஞ்சியது. அதற்குள்ளிருந்து அந்த வாசனை மெதுவாகப் பெருகிக்கொண்டு வந்தது. ஆமணக்கெண்ணெய், அதோடு கரிசலாங்கண்ணியோ எதுவோ போட்டுக் காய்ச்சின கசப்பு. எரிகிற பெயின்ட் நாற்றத்தை அது ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றது.

இரண்டாவது தோலையும் உரித்தான். அந்த ஆளும் கழுவவில்லை, தண்ணிப் பேப்பர் போட்டுத் தேய்க்கவில்லை, ஒன்றுமில்லை. தூ. அதற்கும் அடியில் மூன்றாவதாக ஒரு வெள்ளை தெரிந்தது. முதன்முதலில் அடித்த புண்ணியவான் இவன்தான். எல்லாவற்றுக்கும் காரணமான பரம முட்டாள். அவன் எப்படி அடித்திருக்கிறான் என்று பார்க்க வீரமணி டியூப்லைட்டைப் போட்டான்.

அந்த வெள்ளையில் லேசாக நீலம் ஓடியிருந்தது.

பிளேடு கையில் அப்படியே நின்றது. வெள்ளையில் ஒரு சொட்டு நீலம் கலந்து அடித்தால் வண்டி பளிச்சென்று இருக்கும். யார் சொல்லியும் அவன் கற்றுக்கொண்டதில்லை, அவனே கண்டுபிடித்தது. சாராயம் குடிக்கும்போதுகூட அந்த ரகசியத்தை எவனுக்கும் அவன் சொன்னதில்லை.

கலையரசன். ஊர் முழுக்க வட்டிக்கு விடுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் விடிந்தும் விடியாமலும் வெள்ளைக் காரோடு வந்து ஷெட் கதவைத் தட்டினான். மலையில் மாடு குறுக்கே வந்துவிட்டது, பத்து மணிக்குள் பெயின்ட் அடித்துக் கொடு என்றான். பம்பரின் வலது முனையில் விரிசல், விரிசலில் பளபளவென்று எண்ணெய். மாடு எந்த ஊரில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்கிறது? வீரமணிக்கு அப்போதே தெரியும். கழுவக்கூட மனசு வரவில்லை, தொடவே கூசியது. விரிசலை அடைக்கும் பட்டியை மேலோடு பூசி அப்படியே அடித்து மூடினான். மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் ஒவ்வொரு ஷெட்டாக விசாரித்துக்கொண்டு வந்தபோது, “அப்டி எந்த வண்டியும் வர்லீங்க” என்றான். செத்தது மலைக்காரப் பொண்ணுதானே என்று அன்றைக்கே மறந்தும் போனான். அதே காரைக் கலையரசன் விற்றுத் தள்ளியிருக்கிறான், அது இந்த மாதனிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

மணி நாலு.

மாதன் வருவதற்குள் இதை முடித்தாக வேண்டும். பட்டியைப் பெயர்த்து, எண்ணெயைக் கழுவி, பிரைமர் என்கிற அடிப்பூச்சை அடித்து மூடிவிட்டால் பிறகு யார் வந்து என்ன பேச முடியும்? மலைக்காரனுக்கு என்ன தெரியும்? உளியை வைத்துத் தட்டினான். பட்டி மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் விரிசல். மூன்று வருஷம் மூன்று தோலுக்கு அடியில் கிடந்த எண்ணெய் காயவே இல்லை. இப்போதுதான் வைத்தது போல ஈரமாக இருந்தது.

சோப்புத் தண்ணியில் தேய்த்தான். துடைத்தான். விரிசலின் ஓரத்தில் எண்ணெய் கோடு கட்டியது. மறுபடி தேய்த்தான். எமரி பேப்பர் போட்டு பிளாஸ்டிக் வெளுக்கிற வரைக்கும் தேய்த்தான். மறுபடி எண்ணெய். சூடு காட்டினான். சொட்டியது. கடைசியில் முட்டாள்தான் செய்வான் என்று அவனே சொன்னதைச் செய்தான். தின்னரை எடுத்து மடமடவென்று ஊற்றினான்.

பிளாஸ்டிக் இளகியது. கை பட்ட இடம் உள்ளே அமுங்கியது. மெத்தென்று. கன்னம் மாதிரி.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சட்டையில் துடைத்தான். கை வழுக்கியது. பிளேடு வழுக்கிக் கீழே விழுந்தது. கதவின் தாழ்ப்பாள் வழுக்கியது, போட முடியவில்லை. ஒரு சொட்டு எண்ணெய்க்கு இத்தனை ஆட்டமா? யாரோ கேட்கிற மாதிரி சத்தமாகத் திட்டினான். தன் குரல் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தபோது அது அழுகிற குரலாக இருந்தது.

பிரைமரை ஊற்றி கன்னைப் பிடித்தான். சாம்பல் நிறப் புகை போய்ப் படிந்தது. பம்பர் முழுக்க ஒரே சீராக மூடிக்கொண்டது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

அப்புறம் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி விலகியது.

பெயின்டர்கள் அதற்கு மீன்கண் என்று பேர் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் இருக்கிற இடத்தில் பெயின்ட் விலகி வட்டமாகக் கண் திறக்கும். இன்னொரு புள்ளி. இன்னொன்று. விலகின இடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. நெற்றியின் வளைவு. காது. காதில் தோட்டுக்கான சின்னத் துளை. ஒரு பக்கமாய்ச் சாய்ந்து பம்பரில் பதிந்த முகம். பாதி திறந்த வாய். கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பிரைமர் விலகாமல் இமை போல மூடியிருந்தது.

வெளியே கார் வந்து நின்றது. கதவு சாத்துகிற சத்தம்.

“மேஸ்திரி, ஆஸ்பத்திரியில பொம்பளக் கொழந்த பொறந்திருக்குதுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்த மாதன் வாசலில் நின்றுவிட்டார். மூக்கை ஒரு முறை உறிஞ்சினார்.

வீரமணி பம்பரை மறைத்துக்கொண்டு நின்றான். “இன்னும் ஆவல. நாளிக்கி வா. போய்யா.”

“இது எங்க சாமியம்மா காச்சற எண்ணெ ஆச்சே” என்றார் மாதன், மிகவும் மெதுவாக. “கவியாவுக்குன்னே காச்சுவா. மூணு வருஷமா எங்க வூட்ல காச்சறதே இல்ல.”

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வீரமணி வாயைத் திறந்தான். நாக்கு வழுக்கியது. வார்த்தை ஒன்றுகூட நிற்கவில்லை. கசப்பான எண்ணெய் உதட்டோரம் வழிந்து தாடையில் இறங்கியது.

மாதன் அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். ஸ்டாண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பம்பரின் வளைவில் உள்ளங்கையை வைத்து, பிள்ளைக்குத் தலை வாரும் முன்னால் எண்ணெய் தேய்க்கிற மாதிரி, மேலிருந்து கீழே மெல்லத் தடவினார். விரல்களுக்கு இடையில் எண்ணெய் பொங்கிக்கொண்டு வந்தது.

“யாரும்மா?” என்று கேட்டார். “யாருன்னு சொல்லும்மா.”

மூடியிருந்த பிரைமரில் ஒரு ஊசிமுனைப் புள்ளி விலகியது. வட்டமாக, அவசரமில்லாமல் அகன்றது. கறுப்பாக, ஈரமாக. அது தகப்பனைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக நகர்ந்து வந்து, வீரமணியின் முகத்தில் நின்றது.