மூட்டை மூட்டையாய் வெங்காயத் தோல்

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஐப்பசி பிறந்தும் பெரம்பலூரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனால் கொளஞ்சியப்பன் தலையில் மட்டும் மழை பெய்தது.

சொட்... சொட்... சொட்...

உச்சந்தலையில் விழுந்ததைக் காக்காய் வேலை என்று நினைத்தான். அடுத்தது தோளில் விழுந்தது. அதற்கடுத்தது சட்டைப் பைக்கு மேலே, சரியாக நெஞ்சில். குனிந்து பார்த்தான். மஞ்சள்!

புதுச் சட்டை அது. அரியலூரில் பெண் பார்க்கப் போவதற்கென்றே அவன் அம்மா செங்கமலம் எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. செட்டிகுளத்தில் விடியலில் ஏற்றிய சின்ன வெங்காயத்தைப் பெரம்பலூரில் இறக்கிவிட்டு, தன் குட்டி யானை வண்டிக்குள்ளேயே வேர்வையைத் துடைத்துச் சட்டையை மாற்றிக்கொண்டு, பூவும் பழமும் வாங்க நடந்தவன், நிழலாக இருக்கிறதே என்று ஒரு மாடி வீட்டோரம் ஒதுங்கினான். அதுதான் அவன் செய்த தப்பு.

நிமிர்ந்தான். மொட்டை மாடியில் கொடி கட்டி, சிட்டம் சிட்டமாகக் கம்பளி நூல் தொங்கியது. பொன்னை உருக்கி ஊற்றியதுபோல் ஒரு நிறம். அந்தச் சிட்டங்களை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டு இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன.

அந்தக் கண்களை எதற்கு ஒப்பிடுவது? மூட்டை தூக்கியே பழகியவனுக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. மழையில் நனைந்த நாவல் பழம்... இல்லை, அதைவிடப் பெரிது. பயந்துபோன கண்கள்தான். ஆனால் அவற்றுக்குக் கீழே இருந்த வாய் சிரித்துக்கொண்டிருந்தது!

"யாருங்க அது மேல? சட்டையையும் நாசம் பண்ணிட்டு, சிரிப்பு வேறயா?"

"நிக்கறதுக்கு ஊருல வேற எடமே கெடைக்கலீங்களா?"

"என்ன கருமம்ங்க இது?"

"வெங்காயத் தோலுங்க!"

படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். கையெல்லாம் மஞ்சள். மூக்கு நுனியில்கூட ஒரு பொட்டு.

"சோப்பு போட்டா போயிடுமா?" என்றான் கொளஞ்சி.

"போகாது!" அவள் குரலில் வருத்தத்தைவிடப் பெருமைதான் தூக்கலாக இருந்தது. "படிகாரம் போட்டு எறக்குன சாயம். கெட்டியா நிக்கும்."

"நான் பொண்ணு பாக்கப் போறேங்க!"

அவள் சிரிப்பு ஒரு நொடி நின்றது. பிறகு, "ஒண்ணு பண்ணலாம். கழட்டிக் குடுங்க, முழுசா முக்கிடறேன். ஒரே நெறமா ஆயிடும்" என்றாள்.

கொளஞ்சி சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியே போனான்.

அரியலூரில் பெண்ணின் பெரியப்பா அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் தம்பி, ஒனக்கு ஏற்கெனவே எங்கயோ நலுங்கு வச்சாச்சு போலருக்கே?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். செங்கமலம் அந்த மாடி வீட்டுக்காரியை வழியெல்லாம் வைதுகொண்டே வந்தாள். கொளஞ்சிக்குக் கோபம் வரவில்லை. சிட்டத்தை விலக்கிய அந்த இரண்டு கண்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன...

அடுத்த லோடு இறக்கிய கையோடு அந்த வீட்டு வாசலில் நின்றான். ஒரு கையில் சட்டை, முதுகில் ஒரு சாக்கு.

"முக்கிக் குடுக்கறேன்னு சொன்னீங்களே..."

"சாக்குல என்னங்க?"

"வெங்காயத் தோலு. மண்டியில கூட்டித் தள்ளுவாங்க. அள்ளிக்கிட்டு வந்துட்டேன்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மல்லிகைப் பந்தலையே தூக்கிக் கொடுத்திருந்தாலும் எவளும் அப்படிச் சிரித்திருக்க மாட்டாள்.

அவள் பெயர் வெற்றிச்செல்வி. வெள்ளைக் கம்பளி நூலைப் பார்சலில் வரவழைத்து, வீட்டிலேயே சாயம் ஏற்றி, குழந்தைக் குல்லா, காலுறை, மப்ளர், ஸ்வெட்டர் என்று பின்னி விற்றாள். இந்த வெயிலுக்கு ஸ்வெட்டரா என்று தெருவே கேலி பேசியது. அதே தெருவில் குழந்தை பிறந்தால், குல்லாவுக்கு அவளிடம்தான் வந்து நின்றது.

கொளஞ்சி தோலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தான். செல்வியின் அப்பா பாவாடை ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறு உடுத்தியதில்லை. விதவிதமான மாப்பிள்ளைகளைப் பார்த்துச் சலித்த மனிதர். "ஏம்மா, இவன் நம்ம வூட்டுல குப்பைய கொண்டாந்து கொட்டுறான். இதுக்கு டீ வேற குடுக்கற?" என்று கேட்டுப் பார்த்தார். செல்வி அதற்கு டீயில் சர்க்கரையைக் கூட்டிப் பதில் சொன்னாள்.

ஒருநாள், "கைய நீட்டுங்க" என்றாள்.

நீட்டினான். இரண்டு கைகளிலும் ஒரு சிட்டத்தை மாட்டிவிட்டு, எதிரில் உட்கார்ந்து நூலை உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தாள். நூல் அவன் கையைவிட்டுக் கழன்று கழன்று அவள் கைக்குப் போனது. இடம்... வலம்... இடம்... வலம்... அவள் கண்களும் கூடவே ஆடின. கொளஞ்சிக்குத் தலை சுற்றியது. அந்த நேரம் பார்த்து மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்தது.

"ஏங்க... கொசு..."

"அசையாதீங்க! நூலு சிக்காயிடும்."

"கடிக்குதுங்க..."

செல்வி எழுந்து, முந்தானை நுனியால் அவன் மூக்கை மெல்லத் தட்டிவிட்டாள். கொசு போய்விட்டது. கொளஞ்சியின் மூச்சும் கூடவே போய்விட்டது.

"என்னம்மா நடக்குது இங்க?" வாசலில் பாவாடை.

கொளஞ்சியால் எழுந்து நிற்கவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. கட்டிப்போட்ட திருடனைப்போல் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வணக்கம் சார்" என்றான்.

கார்த்திகை கடைசியில் அந்த நூல் ஒரு ஸ்வெட்டராகி அவன் கைக்கு வந்தது. "விடியக்காலம் பனியில லோடு ஏத்தறீங்க. நெஞ்சுல சளி கட்டிக்கும்" என்றாள். கண் வேறெதையோ சொல்லிவிட்டுக் கீழே குனிந்துகொண்டது.

தன் ஊரான குன்னத்துக்கு வரும் வழியெல்லாம் கொளஞ்சி பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினான். அந்தச் சந்தோஷம் மறுநாள் சாயங்காலம் வரைதான்.

செங்கமலத்துக்குத் துணி என்றால் பருத்தி. பருத்தி என்றால் கொதிக்கிற தண்ணீர், சோடா, துவைக்கிற கல். பரம்பரையாகப் பருத்திக் காட்டில் பாடுபட்டவளுக்குக் கம்பளியைப் பற்றி யார் சொன்னார்கள்? மகனின் புது ஸ்வெட்டரில் வெங்காய வாடை அடிக்கிறதே என்று அண்டாவில் வேகவைத்து, கல்லில் ஓங்கிச் சாத்தி, உச்சி வெயிலில் காயப்போட்டாள்.

ஸ்வெட்டர் சுருங்கியது. சுருங்கி, தடித்து, கொளஞ்சியின் அகன்ற நெஞ்சுக்குப் பின்னியது அவன் முழங்கைக்குக்கூட ஏறாமல் நின்றது.

"அம்மா... என்னம்மா பண்ணி வச்சிருக்க!"

"நான் என்னத்தடா கண்டேன்? தொவச்சா சுருங்கறதெல்லாம் ஒரு துணியா?" என்றவள், வீணாக்க மனமில்லாமல், அன்று பிறந்து பனியில் நடுங்கிய வெள்ளாட்டுக் குட்டிக்கு அதை மாட்டிவிட்டாள். அளவெடுத்துப் பின்னியதுபோல் இருந்தது.

கொளஞ்சி உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் செல்வி போனில், "ஸ்வெட்டர் எப்படிங்க இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டபோது, வாய் தானாக, "கழட்டவே மனசு வரலீங்க. இப்பக்கூட அதத்தான் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டது. பொய் சொன்னவனுக்கு அவள் முகத்தில் விழிக்கப் பயம். பெரம்பலூர் லோடு என்றால் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனான்.

அவனைக் காணோமே, உடம்புக்கு என்னவோ என்று பதறி, செல்வி ஒருநாள் பஸ் ஏறிக் குன்னத்துக்கே வந்துவிட்டாள். பையில் அதே நிறத்தில் ஒரு குல்லா.

வாசலில் அவளை வரவேற்றது ஆட்டுக்குட்டி. பொன் நிற ஸ்வெட்டரில் துள்ளிக்கொண்டு வந்து, அவள் முந்தானையைக் கடித்தது.

அவள் யாரென்று தெரியாத செங்கமலம் வாயெல்லாம் பல்லாக, "குட்டி நல்லாருக்குல்ல? என் மவனுக்கு யாரோ குடுத்த சட்டைம்மா. கொதிக்கற தண்ணில போட்டு நாலு சாத்து சாத்தினேன், இத்தினியூண்டா போச்சு. மட்டமான நூலு போலருக்கு" என்றாள்.

வண்டிக்கு அடியில் படுத்து நட்டு முறுக்கிக்கொண்டிருந்த கொளஞ்சிக்கு அம்மாவின் குரல் கேட்டது, குட்டியின் முதுகில் மஞ்சள் சாயம் படிந்த ஒரு கையும் தெரிந்தது. அலறிக்கொண்டு எழுந்தான். வண்டியில் தலை இடித்தது.

செல்வி பையிலிருந்து குல்லாவை எடுத்தாள். குனிந்து, ஆட்டுக்குட்டியின் தலையில் அழகாக மாட்டிவிட்டாள்.

"இதுவும் இருக்கட்டும்மா. செட்டா இருக்கும்."

"செல்வி... நான் சொல்றத..."

"ஆடு போட்டது தப்பில்லீங்க." நாவல் பழக் கண்களில் தண்ணீர் தளும்பியது. "இப்பக்கூட போட்டிருக்கேன்னு சொன்னீங்க பாருங்க... அதுதான்."

போய்விட்டாள். செங்கமலம் மகனைப் பார்த்தாள், குட்டியைப் பார்த்தாள், பிறகு மெதுவாகத் தன் தலையில் தானே கையை வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு செல்வி போனை எடுக்கவில்லை. அவன் வாசலில் வைத்துவிட்டுப் போன சாக்கு அங்கேயே கிடந்தது. பாவாடைதான் ஒருமுறை, "தம்பி, குப்பைய எடுத்துக்கிட்டுப் போங்க. தை பொறந்ததும் தா.பழூர்லேருந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வராங்க, வாசல் சுத்தமா இருக்கணும்" என்றார். கொளஞ்சிக்கு நெஞ்சில் முழு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

யோசித்தான். சைக்கிள் கம்பி இரண்டைத் தேய்த்து முனை எடுத்தான். நூல் வாங்கினான். போனில் வீடியோவைப் போட்டுவிட்டு, லோடு ஏறும்வரை வண்டிக்குள் உட்கார்ந்து பின்னக் கற்றுக்கொண்டான். கூட மூட்டை தூக்கும் ராஜவேல் எட்டிப் பார்த்து, "டேய் கொளஞ்சி, மாமியாருக்குப் பாவாடை பின்றியா?" என்றான். "மாமனாரு பேரே பாவாடைதான்டா, வாய மூடு" என்று பெருமூச்சு விட்டான் கொளஞ்சி.

மார்கழியில் ஒருநாள் வானம் மூடிக்கொண்டு கிடந்தது. செல்வி வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் முற்றத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"என்னங்க, ஆட்டுக்கு கால்சட்டை வேணுமா?"

கொளஞ்சி ஒரு பொருளை நீட்டினான். அது ஒரு பக்கம் அகலமாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, வால்போல் முடிந்தது. நடுவில் ஓட்டைகள்.

"இது என்ன?"

"மப்ளர்."

"இவ்வளவு ஓட்டை?"

"காத்து வரட்டுமேன்னு..."

செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பின்னல் கண்ணிய எங்க வுட்டீங்க?"

"தெரியலீங்க. வண்டியில, மண்டியில, எங்கெங்கயோ வுட்டுட்டேன்." அவன் மப்ளரின் வால் நுனியைத் திருகினான். "ஒரு சாண் பின்றதுக்குள்ள கழுத்து வலிச்சு கண்ணு பூத்துப் போச்சு. மூட்டை தூக்கறதே தேவலன்னு ஆயிடுச்சு. ஒரு முழு ஸ்வெட்டரு பின்ன, எவ்வளவு நேரம் என்னைய நெனச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்கன்னு அப்பத்தாங்க தெரிஞ்சுது. அது தெரியாம பொய் சொல்லிட்டேன்."

"யாரு ஒங்கள நெனச்சா? நான் கண்ணிய எண்ணிக்கிட்டிருந்தேன்..." என்றாள். ஆனால் குரலில் சூடு இல்லை.

அவன் இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தான். சுருங்கிய ஸ்வெட்டர். பச்சைத் தண்ணீரில் அலசி, ஒரு முடிகூட இல்லாமல் ஆய்ந்து எடுத்திருந்தது.

"குட்டி கழட்ட வுடல, ஒதச்சிடுச்சு. அம்மா சொல்லச் சொன்னாங்க... நூலு மட்டமில்லையாம், அவங்க புத்திதான் மட்டமாம்."

செல்வி அதை வாங்கி மடியில் விரித்தாள். பழக்கதோஷத்தில் கையால் சாண் போட்டு அளந்தாள். "ம்... ஒரு வயசுப் புள்ளைக்கு சரியா இருக்கும்."

"இருக்கட்டும். பத்திரமா எடுத்து வைங்க. நமக்கு... ஒண்ணும் அவசரம் இல்லியே."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. காது மடல் சிவந்தது.

"நமக்கா?"

பதில் சொல்ல வாயெடுத்தான்... சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

"ஐயோ, மாடியில சிட்டம்!"

இரண்டு பேரும் படியேறி ஓடினார்கள். அன்றுதான் சாயத்திலிருந்து எடுத்துக் காயப்போட்ட நூல். செல்வி அள்ளி அள்ளிக் கொடுக்க, கொளஞ்சி இரண்டு கையிலும் தோளிலும் வாங்கி மாட்டிக்கொண்டு பொன் மரமாக நின்றான். மழைத் துளிகள் அவள் இமையில் தொங்கி விழுந்தன. இப்போது சொல்லாவிட்டால் தை பிறந்துவிடும்.

"எனக்கு ஒன்னத்தான் புடிச்சிருக்கு செல்வி. மேலேருந்து எட்டிப் பாத்தியே, அன்னிலேருந்து. தா.பழூர்க்காரங்கள வர வேணாம்னு சொல்லிடு."

செல்வி நனைந்துகொண்டே அவனைப் பார்த்தாள். "அன்னிக்கு பொண்ணு பாக்கப் போறேன்னு சொன்னீங்கல்ல? நீங்க போனதும் மாடிக்கு வந்து, இன்னும் ரெண்டு சொட்டு சேத்து வுட்டிருக்கலாமேன்னு நெனச்சேன்..."

கொளஞ்சிக்கு அவள் கையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. இரண்டு கையிலும் நூல். அவளே நகர்ந்து வந்து, நூலோடு சேர்த்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் சிட்டங்களிலிருந்து சாயத் தண்ணீர் பிழிந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே ஊற்றியது.

"யாரு அது மேல?"

மண்டபத்திலிருந்து குடையில்லாமல் ஓடிவந்து, வாசலில் ஒதுங்கிய பாவாடை. தும்பைப்பூ வெள்ளைச் சட்டையில், சரியாக நெஞ்சில், மஞ்சள்!

மேலே சிட்டங்கள் விலகின. இந்த முறை நான்கு கண்கள் எட்டிப் பார்த்தன. பாவாடை அந்த நான்கையும் பார்த்தார். தன் நெஞ்சையும் பார்த்தார். அத்தனை கல்யாணம் பார்த்த மனிதருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இந்தக் கறை போகுமாடா?" என்று கத்தினார்.

அதுவரை சார், சார் என்றே கூப்பிட்டு வந்த கொளஞ்சியப்பன், செல்வியை ஒருமுறை பார்த்துக்கொண்டான். அவள் கண்ணாலேயே சரி என்றாள். அவன் குனிந்து மழையையும் மீறிக் கூவினான்.

"போகாது மாமா! கழட்டிக் குடுங்க, நாங்க முழுசா முக்கிடறோம்!"