வெள்ளையின் முறை

கோலப்பனின் வலது மணிக்கட்டு காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. கிரைண்டர் பிடித்த கை, மெஷினை நிறுத்தின பிறகும் நடுங்கும். அந்த நடுக்கத்தோடுதான் பட்டறை மூலையில் சாய்ந்து நின்று, மனைவி சுபிதா மதியச் சோறு கொண்டு வரும்வரை செல்லில் செஸ் புதிர் போடுவான். வெள்ளையின் முறை, சிறந்த நகர்த்தலைக் கண்டுபிடி.

இன்று தலையைத் தூக்கியபோது எதிரே கல் குதிரை இடம் மாறியிருந்தது.

ஏதோ ரிசார்ட்டின் புல்தரையில் வைக்க நெஞ்சுயரக் கல் செஸ் காய்கள். மயிலாடிப் பட்டறையின் தரையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு, முடிந்த காய்களை நிறுத்தி அளவு பார்த்திருந்தார்கள். ராஜாவுக்கும் ராணிக்கும் இன்னும் கல் வரவில்லை. வெள்ளைக் குதிரைக்கு நேற்றுத்தான் கண் கொத்தினான். சாமி சிலை என்றால் கண் திறக்கும்போது எதிரே கண்ணாடி வைப்பார்கள். முதல் பார்வை ஆள்மேல் விழக்கூடாது. கண்ணாடி கேட்டதற்கு முதலாளி செல்வதாஸ் சிரித்தார்.

“ஏலே, வெளையாட்டுச் சாமானுக்கு எதுக்குலே கண்ணாடி? சீப்பும் பவுடரும் வேணுமாக்கும்? கொத்தித் தள்ளு மக்கா.”

கொத்தினான். பொடியை ஊதியபோது எதிரே இருந்தது அவன் முகம்தான்.

இன்று ஞாயிறு, வேறு ஆளில்லை. மழை மேகம் பட்டறையை இருட்டாக்கியிருந்தது. ஈரக் கல்பொடியும் சூடான இரும்பும் கலந்து நாறின. தகரக் கூரையில் முதல் துளிகள் ஆணி கொட்டுவதுபோல் விழுந்தன. நாலு பேர் சேர்ந்து தூக்கும் கல் நகர்ந்திருந்தும் தரைப்பொடியில் ஒரு தடம் இல்லை.

மற்றவையும் நகர்ந்திருந்தன. அவனுக்கு முன்னால் இரண்டு கறுப்புச் சிப்பாய்கள், தோளோடு தோள் ஒட்டி. அதற்கப்பால் நேரெதிரே குதிரை. பின்னால் சுவர், வலப்பக்கம் சுவர். இடப்பக்கம் ஒரு காலிக் கட்டம். அதைத் தாண்டிக் கறுப்பு யானை. ராஜா நிற்கவேண்டிய மூலைக் கட்டத்தில் அவனே நின்றான்.

இந்தப் புதிரை அவன் செல்லில் நூறு தடவை போட்டிருக்கிறான். வெள்ளை ராணியைக் கொண்டுவந்து கறுப்பு ராஜாவின் பக்கத்தில் வெட்டக் கொடுக்க வேண்டும். யானை வெட்டும். இருந்த ஒரு வழியும் அடைபடும். அப்புறம் குதிரை தாவும். ராஜாவின் கதை முடிந்தது.

விடை பிடிபட்ட சந்தோஷத்தில் அவன் உதடு தன்னால் விரிந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் சுபிதா, வெளுத்த நைட்டியின்மேல் துண்டும் கையில் தூக்குவாளியுமாக, வாசலிலிருந்து கோணலாகப் பாதி தூரம் வந்திருந்தாள்.

“மறுபடியும் செல்லா? அதுகூடயே குடும்பம் நடத்துங்க, எனக்குச் சோறாவது மிஞ்சும்.”

“ஏட்டி, நில்லு! அங்கயே நில்லு!”

“எலியக் கண்டீளா?” சிரித்தாள். “கல்லு கொத்துத ஆளுக்கு எலியக் கண்டா பயம்!”

வந்துவிட்டாள். காலிக் கட்டத்தில் நின்றாள். வாளியை நீட்டினாள்.

கல் உரசும் சத்தம். ஒரே கட்டம்தான்.

மூடி உருண்டு போய் எங்கோ விழுந்தது.

அவள் நின்ற இடத்தில் யானை. அடியிலிருந்து ரசம் வழிந்தது. பிறகு ரசம் அல்லாதது. வெளியே ஒரு கை. விரல்கள் மடங்கின. விரிந்தன. மறுபடி மடங்கவில்லை.

சிப்பாயை ஏறித் தாண்டக் காலைத் தூக்கினான். கால் வரவில்லை. கத்தினான். கூரையில் மழை.

குதிரை அசையவில்லை. அவனையே பார்த்தது.

அது ஆடவேண்டிய நகர்த்தல் ஒன்று பாக்கி.